புகை போகும் வழியும் காற்று வரும் வழியும்

ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். எரிந்து முடிந்ததும் அது சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும், ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவியாகவும் மாறி நிற்கும். கேஸ் கீசர் வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும், எவ்வளவு நேரத்தில் சூடேறும் என்றெல்லாம் விசாரிக்கிறோம். இவ்வளவு காற்று எங்கிருந்து வரும், இவ்வளவு புகை எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புகை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். விறகடுப்பாக இருந்திருந்தால், கண் எரிச்சலே நம்மை அந்தக் கேள்வியைக் கேட்க வைத்திருக்கும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றும் சிறிய கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் சேரும் வெப்பம் மட்டுமே பத்தரை கிலோவாட். புகையோடு வீணாவதையும் சேர்த்தால் பர்னரில் எரிவது 12 கிலோவாட் அளவுக்கு வந்துவிடும். சமையலறை அடுப்பின் ஒரு பர்னர் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோவாட்தான். அப்படியென்றால் நான்கைந்து அடுப்புகளை முழு வேகத்தில் எரியவிட்டு அவற்றின் நடுவே நின்று குளிப்பதற்கு இது சமம். பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 2 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 2 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள குளியலறையின் மொத்தக் கொள்ளளவே 7.2 கன மீட்டர். கதவும் ஜன்னலும் முழுக்க அடைபட்டிருந்தால், 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் ஐந்து நிமிடத்தில் 18-ஐயும் பத்து நிமிடத்தில் 15-ஐயும் ஒட்டி இறங்கிவிடும்.

எந்த அறையும் இப்படி முழுக்க அடைபட்டதல்ல. கதவுக்கு அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் கொஞ்சம் காற்று வந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் ஆபத்து 15 விழுக்காடு வரை காத்திருப்பதில்லை. பர்னர் தன் சொந்தப் புகை கலந்த காற்றையே மீண்டும் இழுத்து எரிக்கத் தொடங்கியதும் எரிதல் முழுமையடையாமல் போகிறது. கார்பன் டை ஆக்சைடாகப் போக வேண்டியதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக வெளிவருகிறது. சில கருவிகளில் பொருத்தப்படும் ஆக்சிஜன் குறைவு உணரிகள் 18 விழுக்காட்டை ஒட்டியே எரிவாயுவை நிறுத்திவிடும்படி அமைக்கப்படுவது இதனால்தான். சுடரின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் தகடுகளுக்கிடையே கரி படிந்திருந்தால், அறையில் காற்று போதுமான அளவு இருந்தும் இதே விளைவு நேரும். புகை மேலே செல்ல முடியாமல் தேங்கி, சுடருக்குக் காற்று கிடைக்கவிடாமல் தடுத்துவிடும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலும் இல்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் பத்து லட்சத்துக்கு 200 பங்கு, அதாவது 200 பி.பி.எம்., இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பி.பி.எம். என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் தலைசுற்றலும் குமட்டலும் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரே போகலாம். 12,800 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களே போதும். குளியலறையில் இதை இனம்காண்பது இன்னும் கடினம். நீராவியும் வெக்கையும் நிறைந்த சிறிய அறையில் லேசாகத் தலை சுற்றினால், வெந்நீர் சற்றுச் சூடாக இருந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கால்கள் துவளும்போது தாழ்ப்பாளைத் திறக்கும் வலுவும் இருக்காது. மூக்கை நம்பவும் வழியில்லை. எரிவாயுக் கசிவை நமக்குக் காட்டிக்கொடுக்கும் அந்த நாற்றம் அதில் சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. எரிவாயு எரியும்போது அதுவும் எரிந்துபோகிறது. நாற்றமே இல்லை, அதனால் பயமில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் வேறோர் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் பொருள்.

1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய முதல் வீட்டுக் கீசரில் புகைக்குழாயே கிடையாது. சூடான புகை தண்ணீரின் ஊடாகவே சென்று குளியலறைக்குள் கலந்தது. அதன்பின் எத்தனையோ மாற்றங்கள் வந்துவிட்டன. ஆனாலும் புகைக்குழாய் இல்லாத கருவியைக் குளியலறைச் சுவரில் மாட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு விளங்காத ஒன்று.

ஐரோப்பியத் தரநிலைகள் இந்தக் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. அறைக் காற்றை எடுத்து அறைக்குள்ளேயே புகையை விடுவது ஏ வகை. அறைக் காற்றை எடுத்துக் குழாய் வழியே புகையை வெளியே அனுப்புவது பி வகை. காற்றை வெளியிலிருந்து ஒரு குழாயில் எடுத்துப் புகையை இன்னொரு குழாயில் வெளியே விடுவது சி வகை. இதில் எரியும் அறை மூடி முத்திரையிடப்பட்டிருப்பதால் வீட்டுக் காற்றோடு அதற்குத் தொடர்பே இல்லை. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள் குளியலறையில் சி வகையை மட்டுமே அனுமதிக்கின்றன. தூங்கும் அறையிலும், 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கருவி என்றால் அதே நிபந்தனைதான். அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 54 என்ற எண்ணால் அறியப்படும் எரிவாயு விதித்தொகுப்பும் இதே திசையில்தான் நிற்கிறது. படுக்கையறையிலோ குளியலறையிலோ வைப்பதென்றால் வெளிக்காற்றை நேரடியாக எடுக்கும் கருவியாக இருக்க வேண்டும். இல்லையென்றால், இறுக மூடும் கதவுள்ள தனி அறைக்குள் வைத்து, எரிவதற்கான காற்று முழுவதையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். வீட்டுக்குள் புதிதாக ஒன்றை வைப்பவருக்கு நான் சி வகையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் செலவு என்பார்கள். சுவரில் ஒரு துளையும் இரட்டைக் குழாயும்தான் அந்தக் கூடுதல்.

இருந்தாலும் பி வகைக் கருவிகள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. தொட்டி வைத்த பழைய ஹீட்டர்கள் பெரும்பாலும் இந்த வகைதான் என்பதால் அவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றில் புகையை வெளியே தள்ள ஃபேன் எதுவும் கிடையாது. சூடான வாயு இலேசானது, அதனால் மேலே எழுகிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. அந்த இழுவை எவ்வளவு தெரியுமா? 3 மீட்டர் உயரமுள்ள குழாயில் 150 டிகிரி புகை நிறைந்திருந்தாலும் கணக்குப்படி சுமார் 11 பாஸ்கல். உராய்விலும் வளைவுகளிலும் கழிந்தது போக மிஞ்சுவது சில பாஸ்கல்கள்தான். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு நுண்மையான விசையிடம் நம் உயிரை ஒப்படைத்திருக்கிறோம் என்பது தெரியவரும்.

புகைக்குழாய் பற்றிய விதிகள் எல்லாம் இந்தச் சில பாஸ்கலைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டவை. கருவியின் தலையிலிருந்து புகைபோக்கி வரை செல்லும் இணைப்புக் குழாய் மீட்டருக்கு 20 மில்லிமீட்டராவது மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் தொய்ந்து பள்ளமாக இருந்தால் புகை அங்கே தயங்கும், தண்ணீர் தேங்கும். கருவியின் வாய் அளவைவிடக் குழாயைச் சிறியதாக்கக் கூடாது. செங்குத்தான பகுதி நீளமாகவும், கிடையான பகுதி நீளம் குறைவாகவும், வளைவுகள் குறைவாகவும் இருக்க வேண்டும். கூரைக்கு மேலே போதிய உயரத்தில் மழைத்தொப்பியோடு முடிய வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய மரம், பலகை போன்றவற்றுக்கும் இடையே 150 மில்லிமீட்டர் இடைவெளி பொதுவிதி. நடுவில் காற்று இடைவெளி கொண்ட இரட்டைத் தகட்டுக் குழாய்க்கு 25 மில்லிமீட்டர் போதும். இரட்டைத் தகட்டின் பயன் அதோடு முடிவதில்லை. புகையைச் சூடாகவே மேலே கொண்டுசேர்ப்பதால் இழுவையும் கூடும், நீராவி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து நீராவதும் குறையும். எரிவாயுப் புகை 55 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தாலே வியர்க்கத் தொடங்கும். அந்த நீர் அமிலத்தன்மை உடையது, தகட்டை அரித்துவிடும். குழாயின் மூட்டுகளில் வெள்ளைப் பொடியோ துருக் கோடுகளோ தெரிந்தால் உள்ளே வெகுநாளாக வியர்த்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய புகைபோக்கி இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் அளவோடு இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் தொட்டி ஹீட்டரும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். ஃபர்னஸை மட்டும் புதிய, திறன்மிக்க கருவியாக மாற்றி அதன் புகையைச் சுவர் வழியே வெளியே விட்டதும், சின்ன ஹீட்டர் அந்தப் பெரிய செங்கல் கூண்டில் தனித்துவிடப்படுகிறது. அதன் கொஞ்சப் புகையால் அவ்வளவு பெரிய கூண்டைச் சூடேற்ற முடியாது. பாதி வழியிலேயே குளிர்ந்து, இழுவை செத்துப்போகும். ஹீட்டரில் எந்தக் குறையும் இல்லை. யாரும் அதைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அன்றுவரை பாதுகாப்பாக இருந்தது மறுநாள் முதல் ஆபத்தாகிவிடுகிறது. புகைவழி என்பது கருவியின் பாகமல்ல, வீட்டின் பாகம் என்று நான் உறுதியாக நம்புவதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

காற்று வரும் வழிக்கு வருவோம். கவிழ்த்த பாட்டிலில் காற்று உள்ளே புகுந்தால்தான் தண்ணீர் வெளியே வரும். வீட்டிலிருந்து புகை வெளியேறுவதும் அப்படித்தான். அமெரிக்க விதித்தொகுப்பின் பொதுவான கணக்கு, அறைக் காற்றை நம்பும் கருவிக்குக் கிலோவாட்டுக்கு 4.8 கன மீட்டர் கொள்ளளவுள்ள இடம் வேண்டும் என்பது. நாம் மேலே பார்த்த 12 கிலோவாட் கருவிக்கு இது ஏறத்தாழ 58 கன மீட்டர், அதாவது அந்தக் குளியலறையைப் போல எட்டு மடங்கு. புகைக்குழாய் உள்ள கருவிக்கே இந்தக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். இடம் அதைவிடச் சிறியதென்றால் இரண்டு நிரந்தரத் திறப்புகள் தேவை. ஒன்று கூரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள், மற்றொன்று தரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள். பக்கத்து அறையோடு இணைக்கும் திறப்பு என்றால் ஒவ்வொன்றும் கிலோவாட்டுக்கு 22 சதுர சென்டிமீட்டர், எப்படியும் 645 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நேராக வெளியே திறந்தால் அதில் கால்பங்கு போதும். கம்பிவலையோ சாய்வுத் தகடுகளோ மறைக்கும் பரப்பைக் கழித்துவிட்டு, மிஞ்சும் திறந்த பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தக் கழித்தலைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

திறக்க முடிகிற ஜன்னல் ஒன்று இருக்கிறதே என்பது நிரந்தரத் திறப்பு ஆகாது. குளிர் அடிக்கும்போதுதான் வெந்நீர் அதிகம் தேவைப்படும். அப்போதுதான் ஜன்னலையும் சாத்துவோம். மனிதர் நினைவாகச் செய்ய வேண்டிய ஒரு வேலையின்மேல் பாதுகாப்பைக் கட்டுவதை நான் ஏற்பதில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் மக்களிடையே உள்ள எண்ணம் பெரும்பாலும் தலைகீழானது. ஃபேன் ஓடினால் புகை வெளியேறிவிடும் என்று நம்பி, புகைக்குழாய் உள்ள கருவி இருக்கும் இடத்திலும் அதை மாட்டிவிடுகிறார்கள். காற்று உள்ளே வர வழி இல்லாத வீட்டில் ஃபேன் வெளியே தள்ளும் ஒவ்வொரு லிட்டர் காற்றுக்கும் ஈடாக எங்கிருந்தாவது ஒரு லிட்டர் உள்ளே வந்தாக வேண்டும்; வீட்டில் மிக எளிதாகத் திறந்துகிடக்கும் வழி ஹீட்டரின் புகைக்குழாய்தான். சமையலறையின் பெரிய சிம்னி ஒன்று இறுக்கமான வீட்டில் 5 பாஸ்கலுக்கு மேலான உறிஞ்சலை எளிதாக உண்டாக்கும். புகைக்குழாயின் இழுவையும் அதே அளவுதான். போட்டியில் ஃபேன் வென்றால் வெளியே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கும். துணி உலர்த்தும் இயந்திரமும் இதே வேலையைச் செய்யும். ஜன்னல்களை மாற்றிப் புதிதாக இறுக்கமானவை பொருத்தினாலும், இடுக்குகளையெல்லாம் அடைத்தாலும், ஹீட்டர் இருக்கும் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடினாலும், புகைவழியை முதலிலிருந்து மறுபடி சோதித்தாக வேண்டும்.

சோதனை மிக எளிது. வீட்டின் கதவு, ஜன்னல்களைச் சாத்தி, இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் சிம்னியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஹீட்டரை எரியவிட வேண்டும். தொட்டி ஹீட்டரின் தலையில், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில், குடை போன்ற ஓர் உலோகப் பாவாடை இருக்கும். அதன் விளிம்புக்கு அருகே புகையும் ஊதுவத்தியைப் பிடிக்க வேண்டும். பற்றவைத்த முதல் சில நொடிகளில் குழாய் குளிர்ந்திருப்பதால் புகை தயங்கி வெளியே சுருளுவது இயல்பு. கொஞ்ச நேரத்தில் அந்த நூல் போன்ற புகை சட்டென வளைந்து விளிம்புக்கு உள்ளே நுழையும்; குழாய் சூடாகி இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அப்போது தெரிந்துவிடும். ஐந்து நிமிடம் ஆன பிறகும் புகை வெளிப்பக்கமே தள்ளப்பட்டு, கையில் ஈரமான வெக்கை படுமானால், ஹீட்டரை உடனே நிறுத்திவிட வேண்டும். ஊதுவத்தி இல்லாமலே தெரியும் தடயங்களும் உண்டு. பாவாடைக்கு அருகில் தண்ணீர்க் குழாய்கள் தொட்டிக்குள் இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும். அவை ஒரு பக்கமாக உருகி வழிந்திருந்தாலும், மேல்மூடியின் வண்ணப்பூச்சு பழுப்பேறிக் கொப்பளித்திருந்தாலும், புகை பலமுறை அந்தப் பக்கம் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிவதும் எச்சரிக்கைதான். ஆனால் நீலச் சுடரைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது, ஏனென்றால் அது சுடரைப் பற்றித்தான் சொல்லும், புகை எங்கே போகிறது என்று சொல்லாது.

ஃபேன் வைத்துப் புகையை வெளியே தள்ளும் கருவிகளில் இழுவைச் சிக்கல் இல்லை. குழாய் வெளியே முடியும் இடம்தான் அங்கே கேள்வி. குழாயின் வாய் நேராக ஜன்னலுக்குக் கீழே இருந்தால் வெளியேற்றிய புகை ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்க விதித்தொகுப்பில், அறைக் காற்றை எடுத்து ஃபேனால் புகையைத் தள்ளும் கருவிக்கு, ஜன்னல் அல்லது கதவின் கீழும் பக்கவாட்டிலும் 1.2 மீட்டர், மேலே 300 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கப்படுகிறது. புகையிலுள்ள நீராவியையும் குளிரவைத்து வெப்பம் எடுக்கும், 90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள கருவிகளுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட பிளாஸ்டிக் குழாயே போதும், புகை அவ்வளவு குளிர்ந்துவிடுகிறது. வடியும் அமில நீருக்கு மட்டும் தனி வடிகால் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணக் கருவிக்கும் பிளாஸ்டிக் குழாய் போடும் பிளம்பர்களிடமிருந்து வீட்டைக் காத்துக்கொள்ள வேண்டும். ஃபேன் உள்ள கருவியையும் ஃபேன் இல்லாத கருவியையும் ஒரே குழாயில் சேர்ப்பதும் கூடாது. ஒன்று தள்ளும் புகை மற்றொன்றின் வாய் வழியே வீட்டுக்குள் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் தேவைதான். எரிவாயுக் கசிவு அலாரம் வேறு, இது வேறு. சமையல் எரிவாயுவிலுள்ள புரோப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கசிவு அலாரம் தரைக்கு அருகில் இருக்கும். கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழக் காற்றின் எடையே உடையது. அது காற்றோடு கலந்து வீடெங்கும் பரவும் என்பதால் தூங்கும் அறைகளுக்கு வெளியே, தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் மாட்ட வேண்டும். நீராவி உணரியைக் கெடுத்துவிடும் என்பதால் குளியலறைக்குள் அதற்கு இடமில்லை. அமெரிக்கத் தரநிலைப்படி இந்த அலாரங்கள் 400 பி.பி.எம். அளவில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் ஒலித்தாக வேண்டும், 70 பி.பி.எம். என்றால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரைகூட ஆகலாம். ஆகவே அலாரம் அமைதியாக இருக்கிறது என்பதற்காகக் காற்று தூய்மையாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அலாரம் ஒலித்தாலோ, குளித்துவிட்டு வந்தவர் தலைவலி, குமட்டல் என்றாலோ, முதலில் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வரும் வழியில் கைக்கெட்டினால் மட்டும் எரிவாயுவை மூடலாம், கதவைத் திறந்துவிடலாம். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏந்தியதையும் பிரித்தறிய முடியாது. ஆபத்தான நிலையிலும் அது இயல்பான எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே மருத்துவரிடம் எரிவாயு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் அதற்குரிய ரத்தப் பரிசோதனையைச் செய்து, முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜனில் அது ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கும்.

அதன் பிறகு கருவியைப் பார்க்க வருபவர் மூடியைக் கழற்றி, பர்னரைத் துடைத்து, சுடர் நீலமாக இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கிளம்பினால் அது பாதி வேலைதான். சம்பவத்தன்று எந்தக் கதவு சாத்தியிருந்தது, எந்த ஜன்னல் மூடியிருந்தது, சமையலறைச் சிம்னி ஓடியதா, காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதையெல்லாம் அவரிடம் சொல்லி, கூடியவரை அதே நிலையை மறுபடி அமைத்து, புகைக்குழாயின் வாயிலும் அறையின் நடுவிலும் கார்பன் மோனாக்சைடு அளவுக்கருவியைப் பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கூரைமேல் ஏறிக் குழாயின் முனையில் பறவைக் கூடு அடைத்திருக்கிறதா, மழைத்தொப்பி சரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த வேலைக்குள் அடங்கும். அது முடியும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளலாம்.